ரெட் கார்டு காட்டிய கை ஜெபிக்கலாமா?

வாசகர் கேள்வி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது):

ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு வயது 27. காட்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன், நான்கு வருடமாகக் கைப்பந்து நடுவராகவும் போகிறேன். சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளர். போன மாதம் ஒரு மின்னொளிப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு நான்தான் முதல் நடுவர். உள்ளூர் அணியோடு மோதிய வெளியூர் அணியில் எங்கள் சபைப் பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மூன்றாவது செட், 10-10. பந்து உள்ளூர் அணி பிளாக்கில் (வலைக்கு மேல் தடுக்க நீட்டிய கைகளில்) விரல் நுனியில் பட்டு வெளியே போனது. டச் கொடுத்தேன், புள்ளி வெளியூர் அணிக்கு. உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவர் என் அம்மாவை இழுத்துப் பேசினார். "வெளியே போடா" என்று கத்திக்கொண்டே ரெட் கார்டு காட்டினேன். ஸ்கோர் 12-10 ஆனது. கூட்டம் தண்ணீர்ப் பாக்கெட் வீசியது, "சர்ச் ரெஃப்ரீ, சர்ச் ரெஃப்ரீ" என்று கத்தியது. அடுத்த பந்திலேயே எங்கள் சபைப் பையன் தூக்கிக் கொடுத்த பந்துக்கு டபுள் டச் (ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை பந்தைத் தொடும் தவறு) ஊதினேன். அது டபுள் டச் இல்லை. கடைசியில் 15-13 என்று உள்ளூர் அணி ஜெயித்தது. யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு எங்கள் சபை மூப்பர், "விசுவாசிக்கு இவ்வளவு கோபம் ஆகுமா? இந்த விளையாட்டெல்லாம் நமக்கு எதற்கு?" என்று கேட்டார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜெபித்துவிட்டுத்தான் ஸ்டாண்டில் ஏறுகிறேன். அப்படியும் கை நடுங்குகிறது. கோபக்காரனாகிய நான் இந்த வேலையை விட்டுவிடலாமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த டபுள் டச்சைப் பற்றி ஒன்றரை வரிதான். எனக்கு அந்த ஒன்றரை வரிதான் கண்ணிலேயே நிற்கிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் அந்த இரும்பு ஸ்டாண்டில் ஏறி இறங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். நடுவரின் தப்பு இரண்டு வகை. ஒன்று கண் செய்வது. வெளிச்சம் சரியில்லை, ஆள் மறைத்துவிட்டார், பந்து வேகமாகப் போய்விட்டது. இது எல்லாருக்கும் நடக்கும், உலகக் கோப்பை நடுவருக்கும் நடக்கும். இன்னொன்று மனம் செய்வது. கண் சரியாகப் பார்த்திருக்கும், கை வேறு ஒன்றைக் காட்டும். நீங்கள் கொடுத்த டச் சரியான தீர்ப்பு. அதற்காகக் கிடைத்த வசவைத் தாங்க முடியாமல், "பாருங்கள், நான் சபைக்காரனுக்குச் சாதகம் இல்லை" என்று கூட்டத்துக்கு நிரூபிக்க, குற்றமில்லாத ஒரு பையன்மேல் விசில் ஊதினீர்கள். கோபம் அரை நிமிடத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தது பயம். உங்களைக் கோபக்காரன் என்று நீங்கள் சொல்லிக்கொள்கிறீர்கள். நான் படித்த கடிதத்தில் இருப்பவர் பயந்துபோன ஒருவர்.

வேதத்தில் பிலாத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களை அவனோடு ஒப்பிடவில்லை, அவன் நின்ற இடத்தை மட்டும் பாருங்கள். அவன் கோபப்பட்டதாக எங்கும் இல்லை. நிதானமாகத்தான் பேசுகிறான். இவரிடத்தில் ஒரு குற்றமும் காணேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவன் கண் சரியாகத்தான் பார்த்தது. ஆனால் வெளியே கூட்டம் கத்துகிறது. கடைசியில் தண்ணீர் எடுத்துக் கைகழுவிவிட்டுக் கூட்டம் கேட்டதைக் கொடுத்துவிடுகிறான். வெளியே பார்க்க எவ்வளவு அமைதியான ஆள்! அதனால்தான் நடுவர்கள் "அமைதி, அமைதி" என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் வரும். எந்த அமைதி என்று கேட்கத் தோன்றும்.

லேவியராகமம் 19ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தை எடுத்துப் படியுங்கள். "சிறியவனுக்கு முகதாட்சிணியம் செய்யாமலும், பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சாமலும்" நியாயந்தீர்க்கச் சொல்கிறது. நடுவர் பயிற்சி வகுப்பில் முதல் நாள் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டிய வரி என்பேன். முகதாட்சிணியம் ஒரு பக்கம், முகத்துக்கு அஞ்சுவது மறுபக்கம். சபைப் பையனுக்குச் சாதகமாக ஊதிவிடக் கூடாது என்று முதல் பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். மறுபக்கத்தில் வழுக்கிவிட்டது.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அப்போது உங்கள் வயதுதான். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் ஆட்டம். மண் தரை. சாயங்காலம் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டிருந்தார்கள். அடித்த பந்து பின்கோட்டில் விழுந்தது. நான் அவசரப்பட்டு விசில் ஊதி, கையையும் தூக்கி "அவுட்" காட்டிவிட்டேன். அப்புறம்தான் லைன்மேனைப் பார்த்தேன். அவர் கொடியைக் கீழே காட்டிக்கொண்டு நிற்கிறார். கோட்டில் பட்டாலே பந்து உள்ளேதான், அது சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் கூட்டம் என் "அவுட்"டுக்குக் கைதட்ட ஆரம்பித்திருந்தது. இப்போது மாற்றினால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். லைன்மேன் தீர்ப்பை மாற்ற முதல் நடுவருக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தை என் மானத்தைக் காப்பாற்றப் பயன்படுத்தினேன். ஆட்டம் முடிந்ததும் அந்த லைன்மேன், என்னைவிட இருபது வயது பெரியவர், கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். சண்டை போடவில்லை. "சார், வாங்க" என்று கூட்டிப்போய்க் கோட்டைக் காட்டினார். சுண்ணாம்புக் கோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், அந்த இடத்தில் மட்டும் வெள்ளை கலைந்திருந்தது. பார்த்துவிட்டு நின்றேன். அவரும் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அன்று யாரும் என்னைத் திட்டவில்லை, நானும் கோபப்படவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் நான் செய்த மோசமான தீர்ப்பு அதுதான்.

சரி, இப்போது கோபத்துக்கு வருவோம். ரெட் கார்டு காட்டியது அன்புக்கு விரோதமா, மன்னிக்காத குணமா என்று கடிதத்தின் நடுவில் கேட்டிருந்தீர்கள். இல்லை. விதிப்படி பார்த்தால் நீங்கள் குறைவாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள். மரியாதைக் குறைவாக நடந்தால் ரெட் கார்டு, எதிரணிக்கு ஒரு புள்ளியும் சர்வீஸும். தாயைப் பழித்துப் பேசுவது அதற்கும் மேல், அவமதிப்பு. மஞ்சளையும் சிவப்பையும் ஒரே கையில் சேர்த்துக் காட்டி, அந்த செட் முடியும்வரை ஆளை வெளியே அனுப்ப வேண்டிய குற்றம். ஆக, தண்டனையில் தப்பில்லை. "வெளியே போடா" என்றீர்களே, அந்த "டா"வில்தான் தப்பு. கார்டை விதி கொடுத்தது. "டா"வை நீங்கள் கொடுத்தீர்கள்.

மன்னிப்பது உங்கள் சொந்தக் காரியம். அந்த ஆட்டக்காரரை அன்று ராத்திரியே நீங்கள் மனதார மன்னிக்கலாம், மன்னிக்கவும் வேண்டும். ஆனால் ஸ்கோர் சீட்டில் இருக்கும் புள்ளி உங்கள் சொத்து அல்ல. அது பன்னிரண்டு ஆட்டக்காரர்களுக்குச் சொந்தம். உங்கள் இரக்கத்தைக் காட்ட அடுத்தவன் புள்ளியை எடுத்துக் கொடுக்க முடியாது. இதை நன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மத்தேயு 18இல், சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று படிப்படியாக இருக்கிறது. கைப்பந்து விதியிலும் அதே படிகள்தான். முதலில் கேப்டனைக் கூப்பிட்டு வாய்மொழி எச்சரிக்கை. அடுத்து மஞ்சள், அதற்குப் புள்ளி போகாது, ஸ்கோர் சீட்டில் மட்டும் ஏறும். அப்புறம்தான் சிவப்பு. உங்கள் ஆட்டத்தில் முதல் இரண்டு படிகளை எப்போது பயன்படுத்தினீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டாவது செட்டிலிருந்தே அந்த ஆட்டக்காரர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போதே கேப்டனைக் கூப்பிட்டு, "உங்க ஆளுகிட்ட சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று ஒரு வார்த்தை தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தால் அது அங்கேயே அடங்கியிருக்கும். பொறுத்துப் பொறுத்துப் போவதுதான் சாந்தம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பொறுத்தது எல்லாம் மொத்தமாகச் சேர்ந்து 10-10இல் வெடிக்கிறது. சாந்தமான நடுவர் சீக்கிரமாக, சின்னதாகக் கண்டிப்பவர்.

கை நடுங்குவதைப் பற்றி. அதற்கு விசுவாசக் குறைவு என்று யாராவது பெயர் வைத்தால் காதில் வாங்காதீர்கள். நெருக்கடியில் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், வாய் வறளும், விரல் நடுங்கும். கெத்செமனேயில் நம் ஆண்டவருடைய வேர்வை ரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது என்று லூக்கா எழுதியிருக்கிறார். உடம்பு கலங்காத அமைதியை அவரே நமக்குக் காட்டவில்லை. கலங்கிய உடம்போடேயே எழுந்து போனார்.

உடம்பு கலங்கும்போது நம்மைத் தாங்குவது வேலையின் ஒழுங்கு. எங்கள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஒரு ராத்திரி முழுக்க சி.எம்.சி. அவசரப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அத்தனை அழுகை, அத்தனை ஓட்டம். ஒரு நர்ஸ் கையுறை போட்டார், பெயரைக் கேட்டார், கையில் பட்டையைப் பார்த்தார், ஊசி போட்டார், எழுதினார். அடுத்த ஆளிடமும் அதே வரிசை. அமைதியாகிவிட்டு அவர் வேலையைத் தொடங்கியதாகத் தெரியவில்லை. வேலையின் வரிசை அவரைப் பிடித்து வைத்திருந்தது.

நமக்கும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. விசில், பிறகு எந்த அணிக்கு சர்வீஸ் என்று கை, பிறகு என்ன தவறு என்று சைகை, தேவைப்பட்டால் யார் என்று. விசிலுக்கும் முதல் கைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் கண் லைன்மேனிடம் போகட்டும், எதிரே கம்பத்தடியில் நிற்கும் இரண்டாம் நடுவரிடம் போகட்டும். அப்புறம் கை. அன்று குடியாத்தத்தில் நான் விடாத இடைவெளி இதுதான். பிறகு ஒன்று, அடுத்த சர்வீஸுக்கு விசில் ஊதுவது நீங்கள்தான். நீங்கள் ஊதாமல் பந்து நகராது. கூட்டம் எவ்வளவு கத்தினாலும் அந்த விசிலை உங்களிடமிருந்து பிடுங்க முடியாது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடுங்கள், நாடித் துடிப்பு தானாக இறங்கும். நான் அந்த மூச்சோடு "கர்த்தாவே" என்று மட்டும் சொல்வேன். மனதுக்குள்தான். ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் விசில் ஊதுகிறோம், அத்தனையும் ஜெபம்தான்.

ஆட்டத்துக்கு முந்தைய ஜெபத்தைப் பற்றியும் கேட்க ஆசை. என்ன கேட்டு ஜெபிக்கிறீர்கள்? "பிரச்சினை இல்லாமல் முடிய வேண்டும்" என்றுதானே? நானும் பல வருடம் அதைத்தான் கேட்டேன். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. முதல் பாக்கெட் பறந்து வந்தவுடன், ஜெபம் கேட்கப்படவில்லை, தேவன் கைவிட்டுவிட்டார் என்று உள்ளே ஒன்று சரிந்துவிடும். அந்தச் சரிவில்தான் தப்பான விசில் வருகிறது. பின்னாளில் நான் ஜெபத்தை வலை அளக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். அளவுகோலை நடுவில் வைத்து 2.43 மீட்டர் பார்ப்பேன். பிறகு இரண்டு ஓரத்துக்கும் போவேன். ஓரம் இரண்டும் ஒரே உயரம் இருக்க வேண்டும், நடுவைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டே, "ஆண்டவரே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எனக்கு ஒன்றாக இருக்கட்டும். தப்பு செய்தால் திருத்திக்கொள்ளத் தைரியம் கொடும்" என்று கேட்பேன். அதற்கு மேல் கேட்டதில்லை.

சபைப் பையன்கள் விஷயத்தில் போட்டிக்கு முன்பே செய்திருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்த அணி யாரோடு மோதுகிறது என்று தெரிந்தவுடனே ஏற்பாட்டாளரிடம், "அந்த அணியில் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள், இறுதி ஆட்டத்துக்கு வேறு ஆளை ஏற்றுங்கள், நான் இரண்டாம் நடுவராகவோ ஸ்கோர் எழுதவோ உட்காருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். வேறு ஆள் இல்லை என்றால் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு டாஸுக்கு முன்பே சொல்லுங்கள். மறைத்தது பின்னால் தெரிய வரும்போதுதான் "சர்ச் ரெஃப்ரீ" என்ற கூச்சலுக்குப் பலம் வருகிறது. முன்பே சொல்லிவிட்டால் அந்தக் கூச்சலுக்குப் பலம் கிடையாது.

பாக்கெட் பறந்தபோது ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். பார்வையாளருக்குக் கார்டு காட்ட முடியாது, ஆட்டத்தை நிறுத்த முடியும். ஏற்பாட்டாளர்கள் மைக்கில் சொல்லி, கயிற்றுக்கு வெளியே ஆட்களைத் தள்ளிய பிறகு தொடங்கலாம். அந்த ஐந்து நிமிடம் உங்களுக்கும் கிடைத்திருக்கும். கேப்டன் தீர்ப்பை ஏற்கவில்லை என்றால் அப்போதே உங்களிடம் சொல்லிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் சீட்டில் ஆட்சேபணை எழுத அவருக்கு உரிமை உண்டு. அதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். எழுத இடம் இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பேர் கத்துவதை விடுவார்கள். அப்புறம், சனிக்கிழமை ராத்திரி மூன்று மணி வரை ஊதிவிட்டு ஞாயிறு காலை ஆராதனைக்கு வந்து, மறுபடி மதியம் கத்திரி வெயிலில் பாதி நாள் நிற்கிறீர்கள். வேலூர் வெயிலில் தூக்கம் கெட்ட மனிதனுக்குச் சாந்தம் எங்கிருந்து வரும்? ஒரே நாளில் இரண்டு ஊர் ஒப்புக்கொள்வதை நிறுத்துங்கள்.

மூப்பர் ஐயாவிடம் மரியாதையாகவே சொல்லுங்கள். இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில்தான். 1895இல் அமெரிக்காவில், ஹோலியோக் ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்வி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் உண்டாக்கினார். கூடைப்பந்து முரட்டுத்தனமாக இருக்கிறது, வயதானவர்களும் ஆட ஒன்று வேண்டும் என்று யோசித்து வலையை நடுவில் கட்டினார். சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்கள் தமிழ்நாடு முழுக்க மைதானங்களில் விசிலோடு நின்றார்கள். விசுவாசிக்கு மைதானத்தில் என்ன வேலை என்ற கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்பே பதில் சொன்னவர்கள் அவர்கள். ஆனால் மூப்பர் ஐயா கோபத்தைப் பற்றிச் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளுங்கள்.

வேலையை விடாதீர்கள். ஒரு மாதம் முதல் நடுவராக ஏறாதீர்கள், அவ்வளவுதான். இரண்டாம் நடுவராக நில்லுங்கள், லைன் கொடி பிடியுங்கள். அந்த வீடியோவைச் சத்தத்தை முழுவதும் குறைத்து வைத்து ஒரே ஒரு முறை பாருங்கள். கூட்டம் இல்லாத அந்த ஆட்டத்தில் உங்கள் கண் எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறது என்று தெரியும். பிறகு அழித்துவிடுங்கள்.

உள்ளூர் ஆட்டக்காரரைப் பார்க்க நேர்ந்தால், "கார்டு சரிதான் தம்பி, 'போடா' என்றது தப்பு, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள். கார்டுக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள்.

அதற்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பந்தைத் தூக்கிக் கொடுத்த அந்தப் பையன். அவன் ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் எதிரே உட்கார்ந்து பாடுகிறான், நீங்கள் அவனுக்குச் செயலாளர். தன் விரலில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து இந்த ஒரு மாதமாக அவன் சுவரில் பந்து அடித்துப் பழகிக்கொண்டிருக்கக்கூடும். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் செருப்பு தேடும் நேரத்தில் அவனைத் தனியாகக் கூப்பிடுங்கள். "அது டபுள் டச் இல்லடா, நான் பயந்துட்டேன்" என்று சொல்லுங்கள். அந்த இடத்தில் "டா" போடலாம்.